குதிகாலில் ஒட்டிய சொட்டு

2024 அக்டோபர் 10, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம். சிதம்பரத்தில் வானம் மூடிக் கிடந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. ஆய்வகச் சுவரில் தொங்கிய வெப்பமானி முப்பத்துமூன்று காட்டியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

நிமிடத்தை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. உள்ளறையிலிருந்து மாணவி "சார்" என்று கூப்பிட்ட குரல் வந்ததும் முதலில் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தேன். கதிரியக்கப் பொருள் சிந்தினால் குறித்து வைக்க வேண்டியவற்றில் நேரம் முதலாவது. அதுவும் போக, எது நடந்தாலும் கடிகாரத்தைப் பார்ப்பது என் பழக்கம். வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் பார்ப்பேன்.

எனக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. முப்பத்து நான்கு வருடம் தொழில்நுட்ப அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு சிதம்பரத்தில் ஒரு தாவரவியல் ஆய்வகத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக வரச் சொன்னார்கள். திங்களும் வியாழனும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறிப் போய் வருவேன். என் பொறுப்பில் இருந்தது ஒரே ஓர் அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. அங்கே நாற்றங்கால் பருவத்து நெல் நாற்றுகளை உப்புத் தண்ணீரில் வளர்த்து, வேருக்குக் கந்தகம்-35 என்ற கதிரியக்க மருந்தைக் கொடுப்பார்கள். அந்தக் கந்தகம் வேரிலிருந்து எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பார்த்தால், எந்த நெல் உவர் நிலத்தைத் தாங்கும் என்று தெரியும். பிச்சாவரம் பக்கத்து வயல்களுக்கு இது பெரிய விஷயம்.

இந்தக் கந்தகம் பொல்லாதது அல்ல. அதிலிருந்து வரும் கதிர் ஒரு தடித்த அட்டையைத் தாண்டாது. நம் மேல்தோலையே தாண்டி உள்ளே போகாது. ஆனால் வாய்க்குள் போனால் கதை வேறு. அதனால்தான் அந்த அறைக்குள் தண்ணீர் குடிக்கக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது, கையுறை இல்லாமல் எதையும் தொடக் கூடாது, வெறுங்காலோடு நடக்கக் கூடாது. கடைசி விதிதான் எனக்கு வருடம் முழுக்கத் தலைவலி. நம் ஊரில் சுத்தமான இடம் என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டால் செருப்பு தானாகவே வாசலில் கழன்றுவிடும். ஆய்வகத்துக்கென்று நான்கு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி உள்ளே வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னால், ஏதோ கோயிலுக்குள் செருப்போடு போகச் சொன்னது போலப் பார்ப்பார்கள்.

அன்றைக்கு இன்னும் மோசம். மறுநாள் ஆயுத பூஜை விடுமுறை. அதனால் கட்டடம் முழுவதற்கும் முந்தின நாள் மாலையே பூஜை. காலையிலிருந்து எல்லா அறைகளையும் அலம்பி, மேசைகளைத் துடைத்து, நுண்ணோக்கி முதல் தண்ணீர்க் குழாய் வரை சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தார்கள். நடைபாதையில் பெரிய கோலம். கட்டடத்தில் ஒருத்தர் காலிலும் செருப்பு இல்லை. என் நான்கு ஜோடி ரப்பர் செருப்பும் கழுவப்பட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காய்ந்துகொண்டிருந்தன. ஷூ போட்டிருந்தது நான், அந்த மாணவி, இரண்டே பேர்.

மாணவிக்குத் திட்டக்குடிப் பக்கம். நான்காம் வருட ஆராய்ச்சி. பூஜை நாளில் எதற்கம்மா கதிரியக்க வேலை என்று காலையில் அவளிடம் சண்டை போட்டிருந்தேன். நாற்றுக்குப் பதினான்காம் நாள், இன்று எடுக்காவிட்டால் மூன்று மாத வேலை போச்சு, நெல்லுக்கு லீவு தெரியாது சார் என்றாள்.

நான் உள்ளே போனபோது பார்த்தது இதுதான். மேசை விளிம்பில் ஒரு சிறு கண்ணாடிக் குழாய் சாய்ந்து கிடந்தது. வேர் கழுவிய தண்ணீர் மேசையிலிருந்து தரைக்குச் சொட்டியிருந்தது, மொத்தமாகப் பார்த்தால் ஒரு தேக்கரண்டி இருக்கும். அந்த ஈரத்தின் மேல் இடது காலை வைத்து, இரண்டு கையிலும் தண்ணீர் வாளியைத் தூக்கிப் பிடித்தபடி, துப்புரவு வேலை பார்க்கும் பெண் நின்றிருந்தாள். மாணவி வாளியின் விளிம்பைக் கையுறைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

நடந்தது சுலபமாகப் புரிந்தது. நடைபாதையை அலம்பிக்கொண்டிருந்தவள் குழாய் சாய்ந்த சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறாள். தரையில் ஈரம். நம் வீடுகளில் தரையில் எதாவது சிந்தினால் என்ன செய்வோமோ அதையே செய்ய வந்திருக்கிறாள். ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றி, வாசல் பக்கம் தள்ளி விடுவது. உதவி என்று நினைத்துத்தான் வந்தாள். அந்தத் தண்ணீர் ஊற்றப்பட்டிருந்தால், ஒரு தேக்கரண்டி ஈரம் பீரோக்களுக்கு அடியில் போய், வாசற்படி தாண்டி, கோலத்தைக் கரைத்துக்கொண்டு, எண்பது பேர் வெறுங்காலோடு நிற்கும் நடைபாதைக்குப் போயிருக்கும்.

"ஊத்தாதீங்க அக்கா, அப்படியே நில்லுங்க" என்று மாணவி ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அவள் நின்றுவிட்டாள். நான் போகும்வரை வாளியைக் கீழே கூட வைக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அந்த இரண்டு பேரையும் நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. பயிற்சி வகுப்பில் நாற்பது பேருக்கு 'சிந்தினால் முதலில் நில்' என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். உண்மையில் சிந்தியபோது நின்ற இரண்டு பேரில் ஒருத்தி அந்த வகுப்புக்கே வராதவள்.

வாளியை நான் வாங்கி வெளியே வைத்தேன். நடைபாதையில் யாரும் வராதபடி நாற்காலியைக் குறுக்கே போட்டேன். அவளை ஒரு முக்காலியில் உட்கார வைத்து, இடது காலைத் தரையில் ஊன்றாமல் பிளாஸ்டிக் தாள் மேல் வைக்கச் சொன்னேன். மாணவி ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டிவிட்டு, புதுக் கையுறையும் காலுறையும் மாட்டிக்கொண்டு, ஈரத்தின் மேல் டிஷ்யூத் தாளை விரித்தாள். தேய்க்காமல், உறிஞ்ச மட்டும் விட்டாள். சுற்றிலும் ஒட்டுத் தாளால் எல்லை போட்டாள்.

முக்காலியில் உட்கார்ந்தவளுக்கு முப்பதுக்குள் வயது. குமராட்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மினி பஸ்ஸில் வந்து போவாள். மகப்பேறு விடுப்பு என்று ஒன்று அவளுக்குக் கிடையாது, ஒப்பந்த வேலை. குழந்தைக்கு ஐந்து மாதம். நாத்தனாரிடம் விட்டுவிட்டு வருகிறாள். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். அவள் கேட்ட முதல் கேள்வியும் அதைப் பற்றித்தான்.

"சார், நான் வூட்டுக்குப் போயி புள்ளையத் தூக்கலாமா?"

அளந்து பார்க்காமல் நான் எதற்கும் பதில் சொன்னதில்லை. இருங்கம்மா, கருவியை எடுத்து வருகிறேன் என்றேன்.

கருவி என்றால் கெய்கர் கருவி. டார்ச் லைட் போல ஒரு குழல், அதிலிருந்து ஒரு வயர், ஒரு பெட்டி. கதிர் பட்டால் 'டக்' என்று சத்தம் போடும். ஒன்றும் இல்லாத இடத்திலும் அது சும்மா இருக்காது. சுவரில், மண்ணில், வானத்தில் எல்லாம் கொஞ்சம் கதிர் உண்டு. எங்கள் அறையில் சும்மா காட்டினாலே நிமிடத்துக்கு நாற்பது டக் வரை அடிக்கும். எந்தப் பொருளை அளப்பதற்கு முன்னும் நான் ஒரு காரியம் செய்வேன். சட்டைப் பொத்தான் அளவு ஒரு சோதனை வில்லை இருக்கிறது, அதில் மிகச் சிறிதளவு கரிமம்-14 என்ற கதிரியக்கப் பொருள். அதைக் குழலின் முகத்தில் காட்டினால் நிமிடத்துக்கு அறுநூற்று முப்பது, நாற்பது அடிக்க வேண்டும். அடித்தால் கருவிக்குக் கண் தெரிகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் இதைச் செய்வேன் என்பதால், சார் மெஷினுக்குச் சோறு ஊட்டிட்டுத்தான் வேலை வாங்குவாரு என்று மாணவர்கள் கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும்.

அன்றும் ஊட்டினேன். அடிக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக டக், டக். ஒரு நிமிடம் கடிகாரம் வைத்து எண்ணினேன். முப்பத்தாறு.

முக்காலியில் இருந்தவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்தது. "சத்தமே பெருசா இல்லயே சார். அப்ப ஒன்னும் இல்லதான?" என்று எழுந்திருக்கப் போனாள். நான் கையைக் காட்டி உட்கார வைத்தேன். பேட்டரியை மாற்றினேன். முப்பத்தெட்டு. சிந்திய ஈரத்தின் டிஷ்யூவுக்கு மேலேயே பிடித்தேன். அது ஆயிரக்கணக்கில் அலற வேண்டிய இடம். நாற்பத்தொன்று. சிந்தினது நான் சார், அதுல எவ்ளோ இருக்குன்னு எனக்குத் தெரியும், மெஷின்தான் தப்பு என்றாள் மாணவி.

குழலைத் திருப்பி அதன் முகத்தைப் பார்த்தேன். வட்டமான முகம், கம்பி வலை போட்டது. வலைக்குப் பின்னால் வெங்காயத் தோலைவிட மெல்லிய மைக்கா சவ்வு. அதன் மேல் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சந்தனம். நடுவில் குங்குமம். நன்றாகக் காய்ந்து, வலைக் கண்கள் வழியாக உள்ளே இறங்கி, சவ்வோடு ஒட்டியிருந்தது. தடித்த அட்டையைத் தாண்டாத கதிர் சந்தனத்தை எங்கே தாண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் கடலூரில் ஒரு தேவாலயப் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கன். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு முன்பே இந்தக் கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். மைக்கா சவ்வுக்காகத்தான் பூட்டினேன். யார் கேட்டாலும் அதன் முகத்தைத் தொடக் கூடாது என்றுதான் சொன்னேன். ஆனால் கேட்டவர்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சாருக்கு நம்ம பூஜை ஆகாது, மரியாதையாச் சொல்றார் என்று. அவர்களுக்கு அதில் ஒரு வருத்தம் இருந்திருக்கிறது, எனக்காக. அன்று காலை பீரோவின் மேல்தட்டைத் துடைக்கச் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு நான் டீ குடிக்கப் போனேன்.

"நாந்தான் சார் வச்சேன்" என்றாள் முக்காலியில் இருந்தவள். அழுகை வரப் பார்த்தது. "எல்லா மெஷினும் ஜோரா இருந்துச்சு. உங்குளுது மட்டும் வருசா வருசம் வெறும் நெத்தியா உள்ளயே கெடக்குது. அதுவும் பாவந்தானன்னு..."

வைத்தது வைத்ததுதான். அதுவும் மோதிர விரலால், நடு மையமாக, யாரும் குறை சொல்ல முடியாதபடி வைத்திருந்தாள். நல்லாத்தான் வச்சிருக்கீங்க, கொஞ்சம் கழுவி விடலாம் என்றேன். மாணவி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

சிரிக்கும் நேரமா என்று எனக்குப் பதற்றம். வேறு கருவி வேண்டுமென்றால் புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த ஒரு ஸ்கேன் மையம் இருக்கிறது. போன் செய்தேன். மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை, அங்கும் பூஜை. ஆகவே இந்தக் கருவிதான். சவ்வு கிழிந்தால் அத்தோடு கருவி செத்தது. அவள் காலில் என்ன ஒட்டியிருக்கிறது என்று அன்றிரவு யாராலும் சொல்ல முடியாது. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தச் சவ்வில் இருந்தது.

நெல் பூவில் மகரந்தம் தொட்டு வைக்கும் தூரிகை ஒன்று மாணவியிடம் இருந்தது. பூனை மீசை போல மெல்லியது. அதை வாங்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு, வலையின் ஒவ்வொரு கண்ணாகச் சந்தனத்தை ஊற வைத்தேன். குழலைத் தலைகீழாகப் பிடித்தேன், ஊறியது உள்ளே போகாமல் வெளியே வர. கை நடுங்குகிற வயது. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டேன். வலையில் எண்பத்தேழு கண்கள். எண்ணினால்தான் எனக்குக் கை நிற்கும், அதனால் எண்ணினேன். வெளியே பூஜை மணி அடித்தது. முக்காலியில் இருந்தவள் உட்கார்ந்தபடியே கை கூப்பினாள். சுவாமிக்கா, எனக்கா, கருவிக்கா என்று கேட்கவில்லை.

தூரிகையைக் கீழே வைத்து, விசிறியால் உலர்த்தி, சோதனை வில்லையைக் காட்டினேன். கருவி பொரி பொரிவது போல அடித்தது. அறுநூற்றுப் பதினெட்டு. நாற்பது வருடத்தில் நான் செய்த கைவேலைகளில் அதற்கு ஈடாக ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அவள் காலுக்கு வந்தோம். வலது கால் சுத்தம். சேலைக் கரை சுத்தம். கைகள் சுத்தம். இடது குதிகாலில் குழலைக் கொண்டுபோனதும் கருவி கத்தியது. ஆயிரத்து நானூறு. அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

வெதுவெதுப்பான தண்ணீர், சாதாரணச் சோப்பு. அழுத்தித் தேய்க்கக் கூடாது. தோல் உரிந்தால் வெளியே இருப்பது உள்ளே போகும். மாணவிக்குத் தரை வேலை பாதியில் இருந்தது, ஆகவே நானே கீழே உட்கார்ந்து தட்டை வைத்துக்கொண்டேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ வாணாம் சார். எங்கப்பா வயசு உங்குளுக்கு. எங்காலப் போயி நீங்க தொடுறதா? எனக்குப் பாவம் சேரும்."

"நான் எங்கம்மா தொடுறேன்? கையுறைதான் தொடுது. பாவமெல்லாம் அதுக்குத்தான் போகும். அதையும் நான் டப்பாவுல போட்டுப் பூட்டிடுவேன்."

தரையிலிருந்து மாணவி, அக்கா, சார் எண்ணி முடிக்கிற வரைக்கும் விட மாட்டார், காலைக் குடுத்துடுங்க என்றாள். கொடுத்தாள்.

எங்கள் பங்குக் கோயிலில், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன்தோறும், இயேசு சீடர்களுக்குச் செய்தது போலப் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைத்து சாமியார் பாதம் கழுவுவார். நான் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாளே வீட்டில் காலை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் போவோம். சாமியார் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றித் துண்டால் ஒற்றிவிட்டு நகர்வார். உண்மையில் அழுக்கான ஒரு காலைக் கழுவுவது எப்படி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வருடக்கணக்காகப் பினாயில் தண்ணீரில் நின்ற கால். குதிகாலில் ஏழு வெடிப்புகள், இரண்டில் என் நகம் இறங்கும்.

முதல் கழுவல், ஐந்நூற்றுப் பத்து. இரண்டாவது, இருநூற்று எழுபது. மூன்றாவது, நூற்றுத் தொண்ணூறு. நான்காவதும் நூற்றுத் தொண்ணூறு. மேலே இருந்தது போய்விட்டது. வெடிப்புக்குள் இருந்தது வர மறுத்தது.

அப்போது ஆய்வகத்தின் தலைவரான பேராசிரியர், என்ன ஆயிற்று என்று போனில் கேட்டார். நல்ல மனிதர், ஆனால் பூஜையில் எண்பது பேர் காத்திருந்தார்கள். எண்ணைச் சொன்னேன். நூற்றுத் தொண்ணூறெல்லாம் ஒரு கணக்கா, ஒரு காலுறையை மாட்டி அனுப்பிவிடுங்கள், ஒன்றும் ஆகாது என்றார். ஆகாது என்பது எனக்கும் தெரியும். அந்த அளவால் அவள் உடம்புக்கு எதுவும் வராது. ஆனால் அவள் கேட்டது அவள் உடம்பைப் பற்றி அல்ல. காலுறையோடு அனுப்பினால், 'தூக்கலாம், ஆனால் காலுறையைக் கழற்றாதே, ஆனால் பாயில் கால் படாமல் பார்த்துக்கொள்' என்று இரண்டு ஆனால் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து மாதக் குழந்தை எதைத் தொட்டாலும் கையை வாயில் வைக்கும். தவிர, ஆய்வகத்தில் ஏதோ பட்டுவிட்டதாம், காலுறை போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த நாத்தனார் குழந்தையைக் கொடுப்பாளா? ஆனால் என்ற சொல் இல்லாமல் தூக்கு என்று சொல்ல வேண்டும். அதுதான் என் வேலை என்று எனக்குத் தோன்றியது. இன்னும் முடியவில்லை சார் என்று சொல்லி போனை வைத்தேன்.

மாணவி என்னை வாசல் பக்கம் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். "சார், அவுங்களுக்குப் பால் கட்டிக்கிச்சு. மதியத்துக்கு மேல ஆயிடுச்சுல்ல. சொல்ல வெக்கப்படுறாங்க."

மணி ஐந்தரை. ஆறே காலுக்கு அவள் மினி பஸ்.

தோலின் மடிப்பில் ஒளிந்திருப்பதை வெளியே கொண்டுவர ஒரு வழி உண்டு. வியர்க்க வைப்பது. கையில் பட்டால் ரப்பர் கையுறையை மாட்டி உட்கார வைப்பார்கள். வியர்வை உள்ளிருந்து வரும்போது அதையும் தள்ளிக்கொண்டு வரும். காலுக்குக் கையுறை கிடையாது. பஞ்சைச் சுற்றி, பிளாஸ்டிக் பையைப் போட்டு, கணுக்காலில் ஒட்டுத் தாள் ஒட்டினேன். விசிறியை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். காலையிலிருந்து நான் திட்டிக்கொண்டிருந்த புழுக்கம் அப்போதுதான் உதவிக்கு வந்தது. மூன்று பேரும் வேர்த்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாணவி பக்கத்து அறையிலிருந்து அவளுக்குச் சுடுநீர்த் துணி கொண்டுவந்து கொடுத்து, மறைப்புக்குப் பின்னால் உட்கார வைத்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்தபடியே அவள் நாத்தனாருக்குப் போன் செய்தாள். பூஜைல லேட்டாவுதுடி, பசும்பால் காச்சி ஸ்பூன்ல குடு, தோ வந்துட்டேன் என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. போனை வைத்த பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நாற்பது நிமிடம் கழித்துப் பையை அவிழ்த்தேன். பஞ்சில் கருவியைக் காட்டினால் நன்றாக அடித்தது. வந்திருக்கிறது. காலைக் கழுவி ஒற்றி அளந்தேன். எண்பத்தைந்து. மினி பஸ் போய்விட்டது. இன்னொரு முறை கட்டுகிறேன் என்றேன். அவளே காலை நீட்டினாள்.

ஏழு மணி பத்து நிமிடத்துக்கு இரண்டாவது பையை அவிழ்த்தேன். கழுவினேன். மூன்று முறை ஒவ்வொரு நிமிடம் எண்ணினேன். முப்பத்தொன்பது. நாற்பத்திரண்டு. முப்பத்தேழு.

எண்ணைச் சொன்னால் அவளுக்கு என்ன புரியும்? அவளுக்குப் புரிந்து என்ன, நாத்தனாருக்குப் புரிய வேண்டுமே. குழலை அவள் கையிலேயே கொடுத்தேன். முதலில் சுவரில் வைத்துக் கேளுங்கள் என்றேன். கேட்டாள். டக். டக், டக். டக். மேசைக் காலில் வைத்தாள், பூஜைக்காக மாணவி வாங்கி வைத்திருந்த பூசணிக்காய் மேல் வைத்தாள். அதே சத்தம். பிறகு தன் குதிகாலில் வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டாள். எனக்குப் பொறுமை இல்லை, ஆனால் நான் அவசரப்படுத்தவில்லை.

"செவுத்துக்கு என்ன சத்தமோ அதேதான் சார் எங்காலுக்கும்" என்றாள்.

"அதேதான். போய்ப் புள்ளையத் தூக்குங்க."

அவள் கருவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். ஐயோ, சந்தனம் மட்டும் வேண்டாம் அக்கா என்றாள் மாணவி.

தரை அதற்கு முன்பே முடிந்திருந்தது. மாணவி வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கித் துடைத்து, ஆறு இடத்தில் தாளால் ஒற்றி எடுத்து, கருவியில் எண்ணி வைத்திருந்தாள். நான் மறுபடி அளந்தேன், குறை கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குக் குறை கண்டுபிடிக்க முடியாத வேலை அபூர்வம். டிஷ்யூ, பஞ்சு, கையுறை, தட்டிலிருந்த தண்ணீர், மாணவியின் ஷூ எல்லாம் மூடிய டப்பாவுக்குள் போயின. எண்பத்தேழு நாளைக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்து குறைந்து அடங்கும் வரை அங்கேயே இருக்கும். கட்டடத்தைப் பூட்டும்போது பூஜை முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். மேசையில் எங்கள் மூன்று பேருக்கும் காகிதத்தில் பொரி மடித்து வைத்திருந்தது.

மினி பஸ் இல்லாததால் ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். டிரைவர் சொன்னதைப் பேரம் பேசாமல் கொடுத்தது என் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ. எட்டே முக்காலுக்கு மாணவியின் போனுக்கு ஒரு படம் வந்தது. எனக்கும் அனுப்பினாள். இருட்டான படம். ஒரு குழந்தை, அதன் முகம் சரியாகத் தெரியவில்லை, ஒரு தோளில் அழுந்திக் கிடந்தது. பரங்கிப்பேட்டை தாண்டும் வரை பஸ்ஸில் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் மனைவி ஏன் லேட் என்று கேட்டதற்கு, இன்றைக்கு ஒரு காலைச் சுத்தம் பண்ணினேன் என்றேன். நம்ம வூட்டு பாத்ரூம் தரைய என்னைக்குப் பண்ணப் போறீங்க என்றாள்.

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பேராசிரியரிடம் அறிக்கை கொடுத்தேன். சந்தனத்தையும் எழுதியிருந்தேன், யார் வைத்தார்கள் என்பதை எழுதவில்லை. அவர் படித்துவிட்டு, இவ்வளவு விவரம் வேணுமா என்று ஆரம்பித்து, பிறகு தானே கையெழுத்துப் போட்டார். உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஆறு மணிக்கே அனுப்பியிருப்பேன் என்றார். அதை ஒப்புக்கொள்ள ஒரு பேராசிரியருக்கு மனசு வேண்டும். அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

இன்னொரு விஷயமும் கேட்டேன். அந்தக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் விரலும் குதிகாலும் மூடுகிற ரப்பர் ஷூ வேண்டும் என்றேன். மாணவருக்கு வாங்க வழி இருக்கிறது, ஒப்பந்த ஆட்களுக்கு வாங்க எந்தக் கணக்குத் தலைப்பிலும் இடமில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். இரண்டு வாரம் நடந்தேன். பிறகு நடப்பதை விட்டுவிட்டு, மேல வீதியில் ஒரு கடையில் நானே வாங்கினேன். அன்று முக்காலியில் உட்கார்ந்திருந்தவள்தான் ஏழு பேரின் கால் அளவையும் எடுத்துக் கொடுத்தாள். பூஜை அறைக்குள் இதைப் போட்டுக்கொண்டு போகலாமா என்று மற்றவர்கள் கேட்டதற்கு, தொடச்சு வச்சா அதுவும் ஆயுதந்தான்டி, வேணும்னா அதுக்கும் பொட்டு வச்சிக்க என்று அவளே சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இப்போது அந்தக் கட்டடத்தில் நான் நடக்கும்போது ஏழு ஜோடி ரப்பர் ஷூக்கள் ஈரத் தரையில் கீச்சிடும் சத்தம் கேட்கும். காதுக்கு நாராசம்தான். எனக்குக் கேட்கக் கேட்க அலுக்கவில்லை.

ஆட்டோவுக்கு நானூற்று ஐம்பது. ஷூ ஒரு ஜோடி முந்நூற்று இருபது வீதம் ஏழுக்கு இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. ஆக மொத்தம் எனக்குச் செலவு இரண்டாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.